பாப்பாவுக்குக் காது குத்துது

என் மகள் பிறந்து பத்து மாதம் வரைக்கும் எங்கள் தெருவில் எந்த ஆம்பளைக்குக் காது வலித்தாலும் என்னைத் தேடித்தான் வருவார்கள். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் தகுதி. காதுவலிக்கு இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. ஆண் காதுக்குப் பெண்பிள்ளை பெற்றவளின் பால். பெண் காதுக்கு ஆண்பிள்ளை பெற்றவளின் பால். மாற்றி விட்டால் பிடிக்காதாம். ஏன் பிடிக்காது என்று நான் கேட்டேன். கேட்டதற்காகத் திட்டு வாங்கினேன்.

நான் பெற்றது பெண். ஆகவே ஊர் ஆண்களின் காதுகள் அத்தனையும் என் பொறுப்பில் வந்துவிட்டன. காலையில் வாசல் கூட்டும்போதே ஒருத்தி பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையோடு நிற்பாள். இன்னொருத்தி காலி மருந்து பாட்டிலைக் கழுவிக்கொண்டு வருவாள். கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளரின் மனைவி மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள், என்னமோ அரைப்படி கறந்து கொடுப்பேன் என்று நினைத்தவள் போல. அந்தச் செயலாளர் அதற்குப் பிறகு தெருவில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். பாவம், அவர் என்ன செய்வார். காது அவருடையது, பால் என்னுடையது.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். தெருவில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். மீதிப் பாதியும் அவசரம் என்றால் எங்கள் மாதாவிடம்தான் வருவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வெளியே போய்க்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூர், மஸ்கட், குவைத், அதற்கும் வழியில்லாதவர்களுக்குத் திருப்பூர். என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். அப்பா இல்லாத வீடு. அம்மா, நான், என் மகள். அடுத்த வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா.

என் அண்ணன் சிங்கப்பூரில். அவனுக்கும் எனக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் புறப்பட்ட அன்று வாசலில் ஊரே கூடியிருந்தது. கழுத்தில் மாலை, புது ஜீன்ஸ், உள்ளே அடங்காத சட்டை. கோயில் உபதேசியார் ஜெபம் சொல்லித் தலையில் கை வைத்தார். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். அண்ணன் கப்பல் கம்பெனியில் வேலை, கப்பல் கம்பெனியில் வேலை என்று வந்தவன் போனவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் வாய்க்கொழுப்பு ஆயிற்றே. "கப்பல் கழுவப் போறதுக்கு எதுக்கு இத்தனை மாலை?" என்று கேட்டுவிட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் அந்த நேரம் பார்த்து ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொல்லி வாயை மூடியிருந்தார்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்டுவிட்டது. முதலில் போட்டோக்காரன்தான் சிரித்தான்.

அண்ணன் அம்மாவிடம் போயிட்டு வர்றேன் என்றான். அத்தையிடம் சொன்னான். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னான். கொட்டகையில் கட்டிக் கிடந்த மாட்டைத் தடவிக் கொடுத்து அதனிடமும் சொன்னான். என்னைத் தாண்டிப் போய் வேனில் ஏறிவிட்டான். மாட்டுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னானாம். குழந்தை பிறந்தபோதும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி அம்மாவிடம் பேசுவான். எல்லோரையும் விசாரிப்பான், என்னைத் தவிர. நானும் அம்மாவோடு பூத்துக்குப் போகமாட்டேன். போனால் என் கௌரவம் என்னாவது.

இதில் நடுவே மாட்டிக்கொண்டது என் மகளின் காது. எங்களில் குழந்தைக்குக் காது குத்துவது என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும், தோடு அவன் கொண்டுவர வேண்டும். நான் போய் அவனைக் கூப்பிடமாட்டேன். கூப்பிடாமல் அவன் வரமாட்டான். மாமன் இல்லாமல் குத்த அம்மா சம்மதிக்கமாட்டாள். குழந்தை பத்து மாதமாகியும் வெறுங்காதோடு தவழ்ந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் இன்னும் குத்தவில்லை என்று கேட்பார்கள். பத்தருக்கு நேரமில்லை என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஊர்ப் பத்தர் நாள் முழுக்க நகைப் பட்டறை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வந்தது. வந்த அன்று ஊரே ஆற்றில் இறங்கியது. புதுத் தண்ணீர் என்றால் குங்குமம் கரைத்த மாதிரி கலங்கலாகத்தான் வரும், குப்பையும் செத்தையும் நுரையுமாக. பிள்ளை பெற்றவள் அதில் தலை முழுகக்கூடாது என்று அம்மா சொன்னாள். சொன்னதால் முழுகினேன். மூன்று நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இடது காதுக்குள் யாரோ கோணி ஊசியால் தைக்கிற மாதிரி ஒரு குத்து. விட்டு விட்டுக் குத்தியது. மதியத்துக்குள் தாடையைத் திறக்க முடியவில்லை. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி தெருவுக்குள் வேகமாகப் பரவியது, வருத்தமில்லாமல்.

முதல் வைத்தியம் உப்பு ஒத்தடம். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து அம்மா ஒற்றி எடுத்தாள். உண்மையைச் சொன்னால் அது ஒன்றுதான் இதமாக இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சாயங்காலம் அத்தை வந்துவிட்டாள்.

அத்தை நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள். இருபது பெண்களை ஒரு சத்தத்தில் வரிசையாக நிறுத்துவாள். அவளுக்கு எல்லா வலியும் வேலை செய்யாமல் ஓபி அடிக்கிற ஆள் மாதிரிதான், அதட்டினால் ஓடிவிடும். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். சூடு சரியாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். முப்பது வருஷம் சேற்றிலும் அடுப்பிலும் கிடந்த கை அது, கொதிக்கிற உலைத் தண்ணீரை விட்டாலும் வெதுவெதுப்பு என்றுதான் சொல்லும். வெதுவெதுப்பாகத்தான் இருக்கு என்று என் காதில் ஊற்றினாள். நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது, எதிர்வீட்டு அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். கேட்டுச்சு பார், மருந்து உள்ளே போயிடுச்சு என்றாள் அத்தை.

சனிக்கிழமை, பால். ஊருக்கெல்லாம் கொடுத்தவளுக்கு வீட்டிலேயே இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சட்டம் இடிக்கிறதே. என் காது பெண் காது, ஆண்பிள்ளை பெற்றவளின் பால்தான் வேண்டும். தெருவில் அப்போது கைப்பிள்ளையாக இருந்த ஆண்பிள்ளை ஒன்றே ஒன்று, அது எதிர்வீட்டு அக்காவுடையது. அவள் மூன்றாம் மாதமே பிள்ளைக்குப் பால் பவுடர் பழக்கிவிட்டவள், அவளுக்கே பால் பஞ்சம். ஆனாலும் நல்லவள், கால் பாலாடை கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் காதுக்கு நான் எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன், அந்த நன்றி. அத்தை அதை என் காதில் விட்டு, தலையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஆடக்கூடாது என்றாள். இரண்டு சொட்டுப் பால் கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கியது. வலி காதிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் போகவில்லை. சாயங்காலம் அம்மா மட்டும் பூத்துக்குப் போனாள். அன்று போனில் நடந்ததைப் பிற்பாடு அம்மாவிடமும் அண்ணனிடமும் தனித்தனியாகக் கேட்டு நான்தான் ஒன்றாகச் சேர்த்தேன். இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரியவேண்டும். எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் பாப்பா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான். இருபத்து நான்கு வயதாகி, ஒரு பிள்ளையும் பெற்றுவிட்ட பிறகும் அம்மாவுக்கு நான் பாப்பாதான்.

அம்மாவுக்கு போன் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்துவாள். லைனில் வேறு அன்று ஒரே இரைச்சல்.

"பாப்பாவுக்குக் காது குத்துதுப்பா" என்றாள் அம்மா.

அண்ணன் காதில் விழுந்தது, பாப்பாவுக்குக் காதுகுத்துப்பா.

"எப்ப?" என்று கேட்டிருக்கிறான்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து." அந்த லேருந்துவை இரைச்சல் தின்றுவிட்டது.

யார் எல்லாம் பார்க்கிறது என்று கேட்டிருக்கிறான். அத்தைதான் எல்லாம் முன்னால் நின்று பார்க்குது என்றிருக்கிறாள் அம்மா.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்கும் தோணலையாம்மா?"

"நீ அங்க உக்காந்துக்கிட்டு என்னப்பா பண்ண முடியும்? இங்க நாங்க இருக்கோம், பாத்துக்கிறோம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அம்மா பூத்துக்காரரிடம், பாவம், தங்கச்சிக்கு வலி என்றதும் பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வரும் வழியில் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தாள். என்னால் அதையும் மெல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை உபதேசியார் வந்தார். கோயில் திருவிழாவில் மந்திரித்த எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, விசுவாசத்தோடு விடவேண்டும் என்றார். எத்தனை திருவிழாவுக்கு முன்னால் மந்திரித்தது என்று தெரியவில்லை, சிக்கு வாடை அடித்தது. எனக்கு விசுவாசம் குறைவு என்று அவருக்குப் பழைய அபிப்பிராயம் உண்டு. மறுநாளும் வலி நிற்கவில்லை என்றதும் அது உறுதியாகிவிட்டது. எண்ணெய்மேல் குற்றமில்லை.

செவ்வாய்க்கிழமை ஓமப் புகை. தணலில் ஓமத்தைப் போட்டு, அதன் புகையைப் புனல் வழியாகக் காதுக்குள் விடவேண்டும். வீட்டுப் புனலில் மண்ணெண்ணெய் வாடை. யாரோ அனுப்பியிருந்த கல்யாணப் பத்திரிகையைச் சுருட்டிக் குழல் பண்ணினார்கள். எதிர்வீட்டு அக்கா விசிறினாள், அத்தை குழலைப் பிடித்தாள், அம்மா என்னைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் பத்திரிகை பற்றிக்கொண்டது. மணமகள் பெயர் வரைக்கும் எரிந்த பிறகுதான் அத்தை அதைக் கீழே போட்டாள். என் காதோர முடி கருகிப் போனதுதான் கண்ட பலன். இத்தனை பேர் இத்தனை வைத்ததில், காதில் பூ ஒன்றைத்தான் யாரும் வைக்கவில்லை. அதையும் வைத்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லாமல் இல்லை. வாயைத் திறக்காமல் பல்லிடுக்கில் சொன்னேன். தஞ்சாவூர் டாக்டர் காதைக் கிழித்துவிடுவான் என்றாள் அத்தை. அவளுக்குத் தெரிந்த ஒருத்திக்குக் கிழித்தானாம். அந்த ஒருத்தி யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் அது ஒரத்தநாட்டுப் பக்கம் என்பாள்.

புதன்கிழமை அத்தை கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். ஒரு முழுப் பூண்டுப் பல்லை உரித்து, மெல்லிசாகப் பஞ்சு சுற்றி, காதில் தக்கை மாதிரி வைத்து அழுத்தினாள். ராத்திரி முழுக்க இருக்கட்டும் என்றாள். நல்ல காதிலும் எண்ணெய் நனைத்த பஞ்சைத் திணித்தாள். எதற்கு என்று கையை ஆட்டிக் கேட்டேன். காற்று இந்தக் காதில் போய் அந்தக் காதில் வரக்கூடாதாம். அதோடு உலகமே அடங்கிவிட்டது. வாசலில் டிராக்டர் போவது தரையில்தான் தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் அத்தை இடது காதிலிருந்து பஞ்சை உருவி எடுத்தாள். பஞ்சு வந்தது. பூண்டு வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. புதுப் பஞ்சு வைத்தாள்.

அன்றைக்கு வலி கொஞ்சம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியாது, அதுவாகவே களைத்துப் போயிருக்கலாம். ஆனால் அத்தை பூண்டு என்றாளாம், அக்கா பால் என்றாளாம், உபதேசியார் மோட்டுவளையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பதில் பேசாத என்னை அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மினி பஸ் நின்று, அண்ணன் இறங்கி வந்தான்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கையில் ஒரு பெரிய பையும், மார்போடு அணைத்த மாதிரி ஒரு சின்ன டப்பாவும். மெட்ராஸில் இறங்கி ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். கறுத்து, இளைத்து, முன்னந்தலை ஏறிப்போயிருந்தான். கையெல்லாம் பெயிண்ட் சுரண்டின தழும்பு. அம்மா வேலை போய்விட்டதோ என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள். அவன் வாசலைப் பார்த்தான். பந்தல் இல்லை, பாய் இல்லை, பத்தர் இல்லை.

அவர்கள் பேசினது எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அம்மா முதலில் குழந்தையின் காதைக் காட்டி இல்லை என்று கையை ஆட்டினாள். பிறகு என் காதைக் காட்டினாள். பிறகு கையைத் தலையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை வந்தாள், எதிர்வீட்டு அக்கா வந்தாள், விஷயம் தெரிந்து ஒவ்வொருத்தியாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நடுத்தெருவில், எல்லோரும் சிரிக்க, கையில் டப்பாவோடு என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாலையோடு நின்றது போலவே நின்றான். அன்று சிரிப்பை ஆரம்பித்து வைத்தவள் நான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெஞ்சில் என் இடது பக்கமாக உட்கார்ந்தான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அது புது ஆளைப் பார்த்து அழவில்லை, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைத்தது. அவன் அதன் காது மடலை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான், அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அப்புறம் என்னைப் பார்க்காமலே, தலையைக் குனிந்துகொண்டு என்னமோ கேட்டான்.

எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒருத்தன் பேசுகிறான், என்ன என்று எப்படித் திருப்பிக் கேட்பது. தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அவன் முகம் கோணிக்கொண்டது, குழந்தையின் தலைமேல் தாடையை வைத்துக்கொண்டான்.

இனிமேலும் பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. "அன்னிக்கு நான் சொன்னது தப்புண்ணே. மன்னிச்சிரு" என்றேன். காது இரண்டும் அடைத்திருந்ததால் என் குரல் என் மண்டைக்குள்ளேயே கோயில் மணி மாதிரி இடித்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும், மானம் போயிற்று என்று நினைத்தேன். அவனோ கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்தான். என்ன என்பது போல வாயை அசைத்தான். பிறகுதான் தெரிந்தது, நான் முணுமுணுத்திருக்கிறேன். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தாடை வலிக்க வலிக்க, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அத்தை எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவனே என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனான். அம்மாவும் குழந்தையோடு வந்தாள். காது டாக்டர் நெற்றியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வளைந்த ஊசி மாதிரி ஒன்றை எடுத்து, தட்டை அண்ணன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். முதலில் இரண்டு காதிலிருந்தும் பஞ்சு வந்தது. அடுத்து வெந்துபோன மாதிரி ஒரு பூண்டுப் பல். அப்புறம் கொஞ்சம் கரி. கடைசியாக ஒன்றிரண்டு ஓமம்.

"உப்பு மட்டும்தான் பாக்கிம்மா" என்றார் டாக்டர். உப்பு வெளியில்தான் டாக்டர் வைத்தோம் என்றாள் அம்மா, தன் பங்கு விட்டுப்போகக் கூடாது என்று.

சவ்வு தப்பியது என்றார். உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, மாத்திரையும் சொட்டு மருந்தும் ஒழுங்காகப் போட்டால் ஆறிவிடும், ஆனால் இனிமேல் காதுக்குள் அவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர எண்ணெய், பால், புகை, பூண்டு, தேவ அருள் எதுவும் போகக்கூடாது என்றார். வெளியே வந்து மருந்து வாங்கும்போது அங்கே டோக்கன் கொடுக்கிற பெண் என் இடுப்பில் குழந்தையைப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் தம்பிக்கு ரெண்டு நாளா காதுவலி என்று ஆரம்பித்தாள். நான் படியிறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் முன் சீட்டில் குழந்தைக்கு ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சத்தங்கள் எல்லாம் புதிதாகப் பளீரென்று கேட்டன, கண்டக்டர் விசில்கூட. அம்மாவிடம் குனிந்து, நேற்று அண்ணன் என்ன கேட்டான் என்றேன். அவன் கேட்டபோது அம்மா பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"எனக்காகத்தான் குத்தாம வெச்சிருந்தியான்னு கேட்டான். நீதான் ஆமான்னு தலையாட்டுனியே" என்றாள்.

அந்தக் கேள்வி என் காதில் விழுந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பத்தருக்கு நேரமில்லை என்று சொல்லியிருப்பேன். இல்லாவிட்டால் அதைவிட மோசமாக ஏதாவது. வாய் முந்திக்கொண்டிருக்கும், அவன் அடுத்த மினி பஸ்ஸில் ஏறியிருப்பான். பத்து மாதமாக அவனுக்காகத்தான் காத்திருந்தேன் என்பது எனக்கே அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. அத்தைக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பூண்டின் கணக்கில் எழுதிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் காதுகுத்து நடந்தது. பத்தர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். அண்ணன் மடியில் குழந்தை. முதல் காது குத்தும்போது குழந்தை வீறிட்டது, இரண்டாவது குத்தும்போது அண்ணன் அழுதான். டப்பாவுக்குள் இருந்த தோடு ரொம்பச் சின்னது, நட்சத்திரம் மாதிரி. குத்தி முடித்த இடத்தில் தடவ அத்தை ஒரு கிண்ணத்தில் எதையோ குழைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் குழந்தையின் இரண்டு காதையும் தன் கையால் மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தான். என் காதில் சொட்டு மருந்தை அவனே விட்டான், டாக்டர் சொன்ன கணக்குப்படி, ஒரு சொட்டுக்கூட அதிகம் இல்லை. கப்பலில் என்ன வேலை என்று கேட்டேன். துருவைச் சுரண்டுவது, கழுவுவது, பெயிண்ட் அடிப்பது என்றான். கழுவறதும்தான் என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்பட்ட அன்று மாலை கிடையாது, போட்டோ கிடையாது. ஜெபம் சொல்ல வந்த உபதேசியார் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஆமென் வரைக்கும் வேகமாக முடித்தார். அண்ணன் அம்மாவிடம் போயிட்டு வர்றேன் என்றான். அத்தையிடம் சொன்னான். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னான். மாட்டிடம் போனான். பிறகு என்னிடம் வந்து, வேண்டுமென்றே இடது பக்கமாக நின்றான்.

"போயிட்டு வர்றேன் பாப்பா" என்றான்.

நான் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "என்ன?" என்றேன்.

"போயிட்டு வர்றேன் பாப்பா" என்றான் இன்னும் சத்தமாக, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. அன்றைக்கு பெஞ்சில் நான் முணுமுணுத்ததும் அவனுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும் என்று, வேன் திரும்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.